கயிறு அடிக்காத நாட்கள்

எங்கள் வானொலியில் நான் விட்டுவந்த கதிரையில் இப்போது கவிதா என்றொரு பெண் இருக்கிறார். கெட்டிக்காரி. அண்மையில் தொலைபேசியில் கூப்பிட்டு, சோகமான கதைக்குப் பின்னால் நான் வழக்கமாக என்ன சத்தம் சேர்ப்பேன் என்று கேட்டார். அவரிடம் இப்போது ஒரு கணினிச் செயலி இருக்கிறது. ‘பனிக்காலத் தெரு, சோகம்’ என்று எழுதிக் கொடுத்தால் அது தானாகவே ஒரு சத்தத்தைச் செய்து கொடுக்கிறது. எனக்கும் போட்டுக் காட்டினார். குறை சொல்ல முடியாது. அப்படியொன்று என்னிடம் இருந்திருந்தால் என் காதுகள் இரண்டும் இத்தனை வருடம் விறைத்திருக்காது. ஆனால் செயலி காற்றையும் வீச விட்டு, காற்றுக்குப் பின்னால் நாய் ஒன்றையும் ஊளையிட விட்டிருந்தது. எங்கள் ஆட்கள் எழுதுகிற கதைகளை அதுவும் நிறைய வாசித்திருக்கிறது போல என்று சொல்லிச் சிரித்தேன். கவிதா சிரிக்கவில்லை. அவருக்குப் பதில் வேண்டும். எழுதித் தருகிறேன் என்று தப்பினேன். இனித் தப்ப முடியாது.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் தமிழ் வானொலியில் ஒரு சிறுகதை வாசிக்கப்படும். வாசிக்கிறவரின் குரலுக்குப் பின்னால் கதை நடக்கிற இடம் கேட்க வேண்டும். மழை என்றால் மழை, மெட்ரோ என்றால் மெட்ரோ. அந்தச் சத்தங்களைப் பிடித்து வந்து, வெட்டி ஒட்டி, வரி பார்த்து உள்ளே விட்டவன் நான்.

இதற்கென்று நான் படித்தது ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்துகிற கடையில் நின்றேன். இங்கே மொன்றியலுக்கு வந்து, லவாலில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்தேன். ஒருநாள் வானொலியின் ஒலிக்கலவைப் பெட்டி புகைகிறது என்று கூப்பிட்டார்கள். திருத்தப் போனவன் திரும்பி வரவில்லை. வில்லரேப் பக்கம் ஒரு சீலைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, அதில் ஒரு மேசை, அதுதான் என் உத்தியோகம்.

சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த கதையில் ஒரு பெண்ணைக் கணவன் விட்டுப் போய்விடுகிறான். அவள் சன்னலோரம் நிற்கிறாள். நான் யோசிக்கவே இல்லை, மழையைப் போட்டேன். தகரக் கூரையில் விழுகிற அருமையான மழை. மெல்லத் தொடங்கி, வலுத்து, பிறகு சோவென்று பொழியும். கதை முடிந்ததும் நேயர்கள் கூப்பிட்டார்கள். ஒருவர், அந்த மழையைக் கேட்டதும் எழும்பிப் போய் தேநீர் போட்டு வந்து உட்கார்ந்தாராம். இன்னொரு அம்மா தன் வீட்டில் எல்லோரும் சந்தோசமாகக் கேட்டார்கள் என்றார். மூன்றாவது ஆள், கதையை விட்டுவிட்டு மழையை மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா என்று பணிவாகக் கேட்டார். விட்டுப் போன கணவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பிலோமினா என்னைப் பார்த்தார். மன்னார்ப் பெண், என்னிலும் பத்து வயது குறைவு, மாதா கோவில் பாடகர் குழுவை நடத்திப் பழகியவர். அவர் என்னை அண்ணை என்பார். ஆனாலும் அந்த அறையில் அவர்தான் மேலதிகாரி, அதில் இருவருக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

"வானத்தைப் பாத்துக்கொண்டு இருந்த சனம் அண்ணை" என்றார். "எங்கட ஆக்களுக்கு மழை எண்டா ஆறுதல். நீங்கள் படங்களில பாத்துப் பழகிட்டியள்."

எழுத்தாளர்களும் அதே படங்களைப் பார்த்தவர்கள்தான். எங்களுக்கு வருகிற கதைகளில் மனம் சரியில்லை என்றால் உடனே ஸ்நோ கொட்டும். வேலை போனாலும் கொட்டும், மகள் வீட்டை விட்டுப் போனாலும் கொட்டும். காதல் கைகூடினால் மேப்பிள் இலை சிவக்கும். பிரதியின் ஓரத்தில் எனக்கென்று தனியாகக் குறிப்பும் எழுதியிருப்பார்கள்: ‘இங்கே பனி கொட்டும் சத்தம்’. பனி கொட்டுகிறதற்கு ஏது சத்தம்? பனி மற்றச் சத்தங்களைத்தான் விழுங்கும். அதனால் பனி வேண்டும் என்றால் நான் ஒன்றையும் போடாமல், ஏற்கெனவே இருப்பதைக் குறைப்பேன். கார்ச் சில்லுகளின் இரைச்சலை மழுக்குவேன், தூரத்துத் தெருவை எடுத்துவிடுவேன், பக்கத்து வீட்டுக் கதவு சாத்துவதை மட்டும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவருவேன். கேட்கிறவர்களுக்கு வெளியே ஸ்நோ விழுகிறது என்று விளங்கிவிடும். இந்த விசயத்தில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு.

பிலோமினாவிடம் ஒரு முறை இருந்தது. எந்தக் கதையையும் சத்தம் சேர்க்கிறதுக்கு முன்னால் வெறுமனே ஒரு தடவை வாசிக்க வேண்டும். அதை நான்தான் வாசிக்க வேண்டும். என் குரலில் உணர்ச்சி என்று ஒன்று மருந்துக்கும் இல்லாததால் கதைக்கு நான் எதையும் கூட்டிவிட மாட்டேன் என்பது அவருடைய கணிப்பு. நான் வாசிக்கத் தொடங்கியதும் அவர் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். எனக்கு முதுகும் கொண்டையும்தான் தெரியும். கதை பிடித்தால் முடிகிறதற்கு முதலே கதிரை திரும்பும். பிடிக்காவிட்டால் நான் கடைசி வரியை வாசித்து, செருமி, தண்ணீரும் குடித்து முடிக்கும் வரை அப்படியே இருக்கும். நல்லது, கெட்டது என்று வாயால் சொல்ல மாட்டார். பிறகு பந்திக்குப் பந்தி ஒரே கேள்வி: "இந்த ஆளுக்கு இப்ப என்ன கேக்குது?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்க ஒரு குளிர்சாதனப் பெட்டி தேவைப்பட்டது. ஊரிலிருந்து ஒரு செய்திக்காகத் தொலைபேசி அருகில் காத்திருக்கிற தாயின் கதை அது. எழுதியவர் வெளியே பனிப்புயல் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நானும் என்னிடமிருந்த பெரிய புயலை எடுத்து வைத்தேன். பிலோமினா அதைக் கேட்டுவிட்டு, அந்தத் தாய் புயலைக் கேட்க மாட்டாள் என்றார். பயந்துபோய் இருக்கிற ஆளுக்கு வீட்டுக்குள் என்ன கேட்கும் என்று யோசிக்கச் சொன்னார். நான் வீட்டுக்குப் போய், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, குசினியில் தனியே உட்கார்ந்தேன். குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. அது நின்ற பிறகுதான் அவ்வளவு நேரமும் உறுமியது எனக்குத் தெரிந்தது. அதையே பிடித்து வந்து வைத்தேன். தொலைபேசி மணி அடிக்க முதல் பெட்டி ஒருமுறை நின்றுபோகும். அன்றைக்குக் கூப்பிட்ட நேயர்கள் ஒருவரும் தேநீர் குடித்ததாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேலை பிடித்துப்போனது. ஒரே தெருதான், கவலையோடு நடக்கிறவனுக்கு ஒரு தெரு, கடன் அடைத்துவிட்டு வருகிறவனுக்கு வேறு தெரு. சிறுகதை எழுதுகிறவர் நிலத்தை முழுவதுமாகச் சொல்லத் தேவையில்லை. அதில் எது அந்த ஆளின் காதில் விழுகிறதோ அதை மட்டும் சொன்னால் போதும், ஆளை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். இதை நான் பிலோமினாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

இனி இராசநாயகத்தின் கதைக்கு வருகிறேன். கவிதா, உங்களுடைய கேள்விக்குப் பதில் இருந்தால் இதில்தான் இருக்கும்.

ஒரு பனிக்காலம் முடிகிற நேரத்தில் அந்தக் கதை தபாலில் வந்தது. தலைப்பு ‘தரிப்பிடம்’. கார்ட்டியர்வில்லில் ஒரு பஸ் தரிப்பிடம், உட்கார ஒரு வாங்கு, ஒரு மனிதர் தினமும் காலையில் அங்கே நிற்கிறார், பஸ் வருகிறது, ஏறுகிறார். அவ்வளவுதான். அது இப்படிப் போகும்:

‘தை மாதம். இதமான காலை. எதிரே முதியோர் இல்லத்தின் சன்னல்களில் வெயில் நிற்கிறது. டெப்பனர் கடைக் கதவின் மணி அடிக்கிறது. வாங்கில் மெரூன் பை. பஸ் வந்துவிட்டது.

வைகாசி. எலும்பு வரை குளிர். கொடிக்கம்பத்தில் கயிறு அடிக்கிறது. பஸ் இன்னும் வரவில்லை.’

நான் படித்துவிட்டுச் சிரித்தேன். இந்த மனுசனுக்குத் தையும் வைகாசியும் மாறிப்போய்விட்டது, மொன்றியலில் இருந்துகொண்டு கொழும்பில் இருந்து எழுதுகிறார் என்றேன். பிலோமினாவும் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை. காலநிலை அறிக்கைக்குத் தலைப்பு வைத்திருக்கிறார் என்றார். ஆனாலும் முறை என்றால் முறை. கதிரையைச் சுவருக்குத் திருப்பினார், நான் வாசித்தேன்.

என் குரலில் அது இன்னும் மோசமாக இருந்தது. பஸ் வருகிறது, பஸ் வருகிறது என்று வாசித்துக்கொண்டே போனேன். பாதியைத் தாண்டியிருப்பேன், கதிரை கிரீச்சென்று திரும்பியது.

"பாலண்ணை, அந்தப் பை."

எந்தப் பை என்றேன்.

"மெரூன் பை. அது வாங்கில இருக்கிற நாளெல்லாம் வெயில். இல்லாத நாளெல்லாம் குளிர். இவர் ஒரு ஆளைப் பாத்துக்கொண்டு நிக்கிறார் அண்ணை."

மறுபடி முதலிலிருந்து பார்த்தோம். அவர் சொன்னது சரி. பை இருக்கிற நாட்களில், ஆளை உறைய வைக்கிற தை மாதமானாலும், குருவி கத்துகிறது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள், டெப்பனர் மணி அடிக்கிறது. பை இல்லாத நாட்களில், ஊரே கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வெயில் காய்கிற வைகாசியிலும், கயிறு ஒன்றுதான் கம்பத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. காதல் என்ற சொல் எங்கேயும் இல்லை. அவள் என்றுகூட ஓரிடத்திலும் இல்லை. பிரதியை இன்னொரு தடவை கையில் எடுத்து வாசித்தேன். சற்று முன்னால் சிரித்தவனும் நான்தான்.

எழுதியவரைக் கூப்பிட்டோம். வேலை முடிந்து நேரே வந்தார். சலவைத் தொழிற்சாலையில் வேலை, அறை முழுக்கச் சவர்க்கார வாசம் வந்தது. மட்டக்களப்பு ஆள், மனைவி காலமாகிப் பல வருடம், ஒரே மகள் கலியாணம் முடித்து லவாலில் இருக்கிறாள். பெரிய உருவம், சின்னக் குரல். கதையில் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், இடத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். கேட்டால் அந்தத் தரிப்பிடம்தான் என்று தெரிய வேண்டுமாம். யாருக்குத் தெரிய வேண்டும் என்று பிலோமினா கேட்டார். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

பையின் சொந்தக்காரி ஒரு கார்ட்றியில், அதுதான் சின்னப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், சமையல் செய்கிறவர். யாழ்ப்பாணம், கத்தோலிக்கர், அவரும் துணையை இழந்தவர். இரண்டு பேரும் வருடக்கணக்காக அதே பஸ். பேசியதெல்லாம் இன்றைக்குக் குளிர் கூட, பஸ் பிந்துது, அவ்வளவுதான். சனிக்கிழமைக் கதையைத் தவறாமல் கேட்பதாக ஒருநாள் அவர் சொல்லியிருக்கிறார். உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் ரொறன்ரோவுக்கு மகனோடு போய் இருக்கப்போவதாகச் சில கிழமைகளுக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் இராசநாயகம் இதை எழுதியிருக்கிறார். வாழ்க்கையில் எழுதிய முதல் கதை.

நேரே கேட்டால் என்ன என்றேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"அவங்க இல்லையெண்டு சொல்றதுக்கு எனக்குப் பயமில்ல அண்ணன்" என்றார். "அதுக்கு அடுத்த நாளும் ரெண்டு பேரும் அதே இடத்தில நிக்கணுமே. கதையெண்டா, விருப்பமில்லாட்டி அவங்க விளங்காத மாதிரி இருந்துக்கலாம். எனக்கும் மரியாதை, அவங்களுக்கும் மரியாதை."

அவர் போன பிறகு பிலோமினா நாட்காட்டியைப் பார்த்தார். உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு கிழமை முன்னால் வருவது குருத்து ஞாயிறு, அதற்கு முந்திய சனிக்கிழமையை ஏற்கெனவே வேறொரு கதைக்குக் கொடுத்திருந்தார். அதைத் தள்ளிவைத்தார். இதற்காக அந்த எழுத்தாளர் எங்களோடு கொஞ்சக் காலம் கதைக்கவில்லை.

நான் தரிப்பிடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வேலை நாளில் போனால் அந்த அம்மாவின் கண்ணில் பட்டுவிடுவேன். குளிரில் சத்தம் பிடிக்கிறதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. நைலோன் மேலங்கி உதவாது, மூச்சு விட்டாலே சரசரக்கும், கம்பளிதான் போட வேண்டும். பதிவுக் கருவி நெஞ்சோடு சட்டைக்குள் இருக்க வேண்டும், பற்றரிக்குக் குளிர் பிடித்தால் அத்தோடு சரி. ஒலிவாங்கிக்கு மயிர்க் குல்லா ஒன்று போட்டுவிடுவேன், காற்று நேரே அடிக்காது. அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றால், செத்த பூனையோடு ஒருவன் நிற்கிறான் என்றுதான் சனம் பார்க்கும்.

எல்லாம் கதையில் இருந்தபடியே இருந்தது. வாங்கு, டெப்பனர், எதிரே முதியோர் இல்லம், அதன் முன்னால் கொடிக்கம்பம். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. கயிறு டிங், டிங் என்று கம்பத்தில் அடித்தது. நல்ல சத்தம், தனிமைக்கென்றே செய்தது போல இருந்தது. சந்தோசமாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சிக்கல் பிறகுதான் வந்தது. பை இருக்கிற நாட்களுக்கு வைக்கப் பிடித்த சத்தத்திலும் கயிறு இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனேன், கயிறு அடித்தது. வியாழன் போனேன், அடித்தது. ஆற்றோரத்தில் எப்போதும் காற்றுத்தான், கயிற்றுக்கு ஓய்வில்லை. கணினியில் வெட்டி எடுக்கலாம் என்றால், டெப்பனர்க் கதவு மணியும் ஏறக்குறைய அதே சுரத்தில் இருந்தது, ஒன்றை எடுத்தால் மற்றதும் போனது. பிலோமினாவிடம் போய், கதையில் பிழை இருக்கிறது, கயிறு எல்லா நாளும் அடிக்கிறது என்று முறையிட்டேன்.

"கயிறு அடிக்கும் அண்ணை. அவருக்குக் கேக்கிறேல்லை" என்றார். "எடுத்துவிடுங்கோ."

எடுத்துவிடுங்கோ என்று சொல்வது சுகம். நான் முதியோர் இல்லத்துக்குள் போனேன். என் பிரெஞ்சில், உங்களுடைய கொடிக்கயிற்றைக் கொஞ்ச நேரம் யாராவது பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். வரவேற்பு மேசைப் பெண் நான் கேட்டது தனக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்துத் திரும்பக் கேட்டாள். சரியாகத்தான் விளங்கியிருந்தது. அங்கே சக்கர நடைவண்டியோடு நின்ற கிழவர் ஒருவர், வானொலிக்கா என்று கேட்டார். ஓம் என்றேன், தமிழிலேயே. அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு வெளியே வந்து, கம்பத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்று கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். நான் தெருவின் மறுபக்கம் ஓடிப்போய்ப் பதிந்தேன். நான் கையைக் காட்டும் வரை அந்த மனுசன் அசையவில்லை. திரும்பி வந்து மெர்சி சொன்னபோது, இத்தனை வருடம் இங்கே இருக்கிறேன், இந்தக் கயிறு சத்தம் போடுவதே எனக்குத் தெரியாது, இனிமேல் என்னால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது, எல்லாம் உன்னால் வந்தது என்று முறைப்பட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார்.

சேர்க்கிற வேலையைப் பிலோமினா பக்கத்தில் இருந்தே செய்வித்தார். பை இல்லாத நாட்களில் கயிறும் காற்றும் மட்டும், பஸ் வெகு தூரத்திலிருந்தே இரைந்துகொண்டு வரும், வந்து சேராது. பை இருக்கிற நாட்களில் கயிற்றைத் தவிர எல்லாச் சத்தமும் இருக்கும், பஸ் வருகிற இரைச்சலும் இராது, திடீரென்று வந்து உஸ்ஸென்று பிரேக் போட்டு எல்லாவற்றையும் வெட்டிவிடும். அவருக்கு அந்த நாட்களில் பஸ் வரவே கூடாதல்லவா? வாங்கில் பை வைக்கிற சத்தத்துக்கு என் மனைவியின் பையைக் கடன் வாங்கினேன். மெரூன் நிறம் இல்லை, ஆனால் அது ஒருவருக்கும் கேட்காது.

அந்தச் சனிக்கிழமை நல்ல காற்று. எங்கள் அறைச் சன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, அது ஒலிபரப்பில் விழுந்துவிடும் என்று நான் கடதாசி மடித்துச் செருகினேன். இராசநாயகம் வந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னோம், மாட்டேன் என்று மாடிப்படியில் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டார். கீழே சீலைக் கடையில் எங்கள் வானொலிதான் போட்டிருந்தார்கள், அவருக்கு அங்கிருந்து கேட்கும்.

பிலோமினா வாசித்தார். நான் சத்தங்களை ஒவ்வொன்றாக விட்டேன். கடைசிப் பந்தியில் வாங்கு வெறுமையாக இருக்கிறது, பங்குனி மாதம், கயிறு அடிக்கிறது, பஸ் வருகிறது, அவர் ஏறவில்லை. அத்தோடு கதை முடியும். என் கை வியர்த்திருந்தது. எனக்கு என் சொந்தக் கலியாணத்துக்கே அப்படி வியர்க்கவில்லை.

நேயர் இணைப்பைத் திறந்தோம். முதலில் வந்தவர், பஸ் வருவதும் போவதும்தான் நடக்கிறது, கதை எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். மாடிப்படியில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிலோமினா நன்றி சொல்லி அவரை அனுப்பினார். அடுத்தது ஒரு பெண் குரல். கார்ட்டியர்வில்லில் இருந்து கதைக்கிறேன், பெயர் வேண்டாம் என்றார்.

பிலோமினா ஒலிவாங்கியையும் மறந்து கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். பழக்க தோசம்.

"கதை நல்லாயிருந்தது" என்றார் அந்தப் பெண். "ஆனா ஒரு பிழை இருக்கு. எழுதினவரிட்டைச் சொல்லுங்கோ."

சொல்லச் சொன்னார் பிலோமினா, சுவரைப் பார்த்தபடியே.

"அந்தக் கொடிக்கயிறு எல்லா நாளும் அடிக்கிறது. பை இருக்கிற நாளிலயும் அடிக்கும்."

நான் இதைத்தானே முதல் நாளே சொன்னேன் என்று எழும்பாத குறை. இந்த நகரத்தில் அந்தக் கயிற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் நானும் அந்தக் கிழவரும்தான் என்று நினைத்திருந்தேன்.

உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று பிலோமினா கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. வானொலியில் வெறுமை கூடாது என்பது எங்கள் முதல் பாடம். அன்றைக்கு நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு அந்த வெறுமையை ஊர் முழுக்க ஒலிபரப்பினோம்.

"அவர் லீவு போட்ட நாளுகளில கேட்டனான்" என்றார். "மற்ற நாளில எனக்கும் கேட்டதில்லை."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. கதிரை திரும்பியது. பிலோமினாவின் கண் நிறைந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த நேயரை எடுக்க வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "கயிறைப் போடுங்கோ அண்ணை" என்றார்.

போட்டேன். காற்றில்லாமல், கயிறு மட்டும். தனிமைக்கென்றே செய்தது என்று நான் நினைத்துப் பிடித்த அதே சத்தம். அந்தப் பின்னேரம் அதைக் கேட்க எனக்குப் பாடவேண்டும் போல இருந்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். இராசநாயகம் படியில் பாதி தூரம் இறங்கிவிட்டார்.

எங்கே ஓடுகிறீர்கள் என்றேன்.

"பஸ் தரிப்பிடத்துக்கு அண்ணன்."

இன்றைக்குச் சனிக்கிழமை, அந்த அம்மா வேலைக்குப் போகிற நாள் இல்லையே என்றேன். தெரியும் அண்ணன் என்று சொல்லிவிட்டு, கையுறை ஒன்றைப் படியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து அந்த அம்மா ரொறன்ரோவுக்குப் போனார். மகனிடம் விசயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அந்தக் கோடையில் நாங்கள் எல்லோரும் கலியாணச் சாப்பாடு சாப்பிட்டோம். பிலோமினாவின் பாடகர் குழுதான் பாடியது. கிழவரையும் அழைத்திருந்தார்கள், அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையுறையைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் நான் இராசநாயகத்தை ஓரமாகக் கூட்டிப்போய், அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் போனபோது அந்த அம்மா வாங்கில் இருந்தாராம், பை இல்லாமல். இவரும் போய்ப் பக்கத்தில் இருந்தாராம். இரண்டு பஸ் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனதாம்.

எனக்குத் தொழில் புத்தி விடுமா? அன்று பின்னேரம் ஆற்றுக் காற்று எப்படி அடித்தது என்று எனக்குத் தெரியும், எங்கள் சன்னலே ஆடியது. கயிறு பலமாக அடித்திருக்குமே என்று கேட்டேன்.

இராசநாயகம் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். மனுசன் உண்மையாகவே யோசித்தார்.

"கவனிக்கல்ல அண்ணன்" என்றார்.